பிரிண்டர் மைச் செலவும் மலிவு கார்ட்ரிட்ஜ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரத்தில் பிரிண்டர் பழுதுபார்ப்பதும், லேசர் பிரிண்டரின் பொடி மையாகிய டோனரை நிரப்புவதும் என் தொழில். தொண்டி முதல் சாயல்குடி வரையிலும், பாலத்துக்கு அப்பால் தங்கச்சிமடம், இராமேசுவரம் வரையிலும் உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர்கள், இ-சேவை மையத்தினர், ஆசிரியர்கள், விடுதி நடத்துவோர், படகு உரிமையாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மை விலை அடிக்கடி மாறுவதால், கீழே வரும் ரூபாய்க் கணக்குகளில் உள்ள விலைகளைக் கணக்கிடும் முறைக்கான எடுத்துக்காட்டுகளாக மட்டும் கொள்ள வேண்டும். பக்க எண்ணிக்கைகள் தயாரிப்பாளர்கள் அறிவித்தவை.

"அண்ணே, பிரிண்டரே நாலாயிரந்தான். ரெண்டு மை வாங்குனா ரெண்டாயிரம் போயிடுது. இது என்ன கணக்கு?"

பிரிண்டரைக் குறைந்த ஆதாயத்துக்கோ ஆதாயமே இல்லாமலோ விற்றுவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் வாங்கப்படும் மையில் அதை ஈடுகட்டுவதே மலிவான இங்க்ஜெட் (திரவ மையைத் துளியாகத் தெளிக்கும்) பிரிண்டர்களின் வணிக முறை. பிரிண்டரை ஒருமுறைதான் வாங்குகிறோம் என்பதால் அதன் விலையைப் பத்துக் கடைகளில் விசாரிக்கிறோம். மையின் விலையையோ, பிரிண்டர் வீட்டுக்கு வந்து முதல் மை தீர்ந்த பிறகுதான் கேட்கிறோம். அந்த நேரத்தில் வேறு வழி இருப்பதில்லை.

விலையில் நியாயமான ஒரு பகுதியும் உண்டு. எச்பி 803, 682, கேனன் 745, 746 போன்ற சிறிய கார்ட்ரிட்ஜ்களில் (மைக் கூடுகளில்) இருப்பது மை மட்டும் அன்று. தாளில் மையைத் தெளிக்கும் ஹெட் என்னும் பாகமும் அதன் அடியிலேயே ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் தூக்கி எறியும்போது நுண்துளைகள் நிறைந்த ஒரு மின்னணுப் பாகத்தையும் சேர்த்தே எறிகிறோம். அப்படியிருந்தும், உள்ளே இருக்கும் சில மில்லிலிட்டர் மைக்கு அந்த விலை அதிகம் என்பதே என் கருத்து.

"ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு எப்படிப் பாக்குறது?"

மையின் விலையை, பெட்டியில் அல்லது நிறுவனத்தின் தளத்தில் அறிவித்திருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எச்பி 682 கறுப்பு கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் தரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை 960 ரூபாய்க்கு வாங்கினால் பக்கத்துக்கு 2 ரூபாய். எப்சன் எல்3210 போன்ற, மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளும் டேங்க் பிரிண்டர்களுக்கான 003 கறுப்பு மைப் புட்டி 65 மில்லிலிட்டர். அறிவிப்பு 4,500 பக்கம். 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 10 காசு. கேனன் ஜி2010 வகைக்கான 790 கறுப்புப் புட்டி 135 மில்லிலிட்டர், 6,000 பக்கம். லேசர் வகையில், ஊரெங்கும் புழங்கும் எச்பி 12ஏ டோனர் 2,000 பக்கம், 88ஏ டோனர் 1,500 பக்கம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். 960 ரூபாய் கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக 500 ரூபாய்க்கு மாற்று கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் ஆகிறது. டேங்க் பிரிண்டரில் அசல் மையே காசுக் கணக்கில் முடிந்துவிடுகிறது. என்னிடம் மலிவான கார்ட்ரிட்ஜ் கேட்டு வருவோரில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது வேறு பிரிண்டர்.

"அப்ப எதைத்தான் வாங்குறது? நமக்கு மாசம் இருபது, முப்பது பக்கம்தான் வரும்."

அந்த அளவுக்கு எதையும் வாங்க வேண்டாம். அருகிலுள்ள ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குச் சில ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்வதே மலிவு. வாங்கிய மை பயன்படாமலேயே காய்ந்துபோகும் செலவும் இல்லை. வீட்டிலேயே இருந்தாக வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரே பொருத்தம், ஏனென்றால் அதில் இருப்பது பொடி. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அது காயாது.

பாடக் குறிப்பு, பயிற்சித் தாள் என்று கலரும் கறுப்புமாக மாதம் நூறு பக்கத்துக்கு மேல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு டேங்க் பிரிண்டர். பெரும்பாலும் கறுப்பே எடுக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் எளிதாக டோனர் நிரப்பக்கூடிய லேசர். நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

"பெட்டியில 480 பக்கம்னு போட்டுருக்கு. எனக்கு எரநூறுகூட வரலையே?"

அந்த எண் ஒரு சோதனை முறையின்படி வருவது. கலர் இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711, கறுப்பு லேசர் டோனருக்கு ஐஎஸ்ஓ 19752 என்ற தரமுறைகள் உள்ளன. குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை இடைவிடாமல் அச்சிட்டு எண்ணுகிறார்கள். லேசர் சோதனைப் பக்கத்தில் தாளின் பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காட்டில்தான் மை படியும். அதாவது நான்கைந்து பத்தி உள்ள ஒரு சாதாரணக் கடிதம். கண்ணீர் அஞ்சலி நோட்டீசைக் கறுப்புப் பின்னணியில் முழுத்தாளாக எடுத்தால் அந்த ஒரு தாள் இருபது கடிதங்களின் மையைக் குடித்துவிடும். ஆதார் அட்டையை நகலெடுக்கும்போது ஸ்கேனர் மூடியைத் திறந்தே வைத்திருந்தால் ஓரமெல்லாம் கறுப்பாக விழும். அதுவும் வீண் செலவே.

இரண்டாவது காரணம், நாம் இடைவிடாமல் எடுப்பதில்லை. காலையில் இரண்டு பக்கம், மாலையில் ஒன்று என்று எடுக்கும்போது இங்க்ஜெட் இயந்திரம் இடையிடையே தன் ஹெட்டைக் கழுவிக்கொள்ள மையைச் செலவிடுகிறது. மேலும், புதுப் பிரிண்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் குறைந்த அளவு மையுடன்தான் வரும்; டேங்க் பிரிண்டரில் முதல் புட்டியின் ஒரு பங்கு குழாய்களை நிரப்புவதற்கே போய்விடும்.

"கறுப்பு மட்டுந்தான் அடிக்கிறேன். கலர் மை ஏன் கொறையுது?"

மேலே சொன்ன கழுவுதல் எல்லா நிறத்துக்கும் சேர்த்தே நடக்கிறது. அதோடு, கணினியில் கலர் என்ற தேர்வு அப்படியே இருந்தால் கறுப்பு எழுத்தையும் சில இயந்திரங்கள் மூன்று நிறங்களைக் கலந்து உருவாக்கும். அச்சிடும் அமைப்பில் கிரேஸ்கேல் அல்லது கறுப்பு மை மட்டும் என்பதை நிரந்தரமாகத் தேர்ந்து வைக்க வேண்டும். உள் உபயோகத் தாள்களுக்கு, மையைக் குறைத்து மங்கலாக அச்சிடும் டிராஃப்ட் தேர்வு போதும். டேங்க் பிரிண்டரில் கலரே வேண்டாம் என்று அந்தத் தொட்டிகளைக் காலியாக விடக் கூடாது. குழாயில் காற்று ஏறி ஹெட் கெட்டுவிடும்.

"கம்பெனி மை, கம்பேட்டிபிள், ரீஃபில், டூப்ளிகேட் – எல்லாம் ஒண்ணுதானே?"

நான்கும் வெவ்வேறு. பிரிண்டர் நிறுவனமே விற்பது அசல். வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரில், இன்ன மாடலுக்குப் பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்லிப் புதிதாகச் செய்து விற்பது கம்பேட்டிபிள். காலியான அசல் கார்ட்ரிட்ஜைத் திறந்து மையோ டோனரோ நிரப்புவது ரீஃபில். தேய்ந்த பாகங்களையும் மாற்றிப் புதுப்பித்து விற்பவர்களும் உண்டு. இந்த மூன்றும் நேர்மையான வணிகம். எச்பி, கேனன் பெயரும் முத்திரையும் அச்சிட்ட பெட்டிக்குள் நிரப்பிய பழைய கார்ட்ரிட்ஜை வைத்து அசல் விலைக்கு விற்பதுதான் டூப்ளிகேட். அது வணிக முத்திரைச் சட்டம் 1999-இன்படி குற்றம்; 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதற்கு உண்டு.

நிரப்புவதே திருட்டு வேலை என்று சிலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே 30 அன்று லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் தொடர்பான வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்றதோடு அதன் மீதான காப்புரிமை தீர்ந்துபோகிறது, ஆகவே காலியானதை வாங்கி நிரப்பி விற்பவரைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது அந்நாட்டுச் சட்டம் என்றாலும், நிறுவனங்களின் வாதம் எங்கே நின்றது என்பதை அறிய உதவும். நம் ஊரில் தன் சொந்தக் கார்ட்ரிட்ஜை ஒருவர் நிரப்பிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

"சின்னக் கார்ட்ரிட்ஜுல ஊசி வச்சு மை ஏத்துறாங்களே, நாமளே செஞ்சுக்கலாமா?"

செய்யலாம், ஆனால் எத்தனை முறை பலிக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. எச்பி, கேனனின் இந்தச் சிறிய கார்ட்ரிட்ஜ்கள், மையை ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் 300 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்துக்குக் கொண்டுபோய், அதில் எழும் குமிழியின் விசையால் துளியைத் தள்ளுகின்றன. உள்ளே மை இல்லாமல் இயக்கினால் அந்த வெப்பமே ஹெட்டை எரித்துவிடும். ஆகவே எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிரப்ப வேண்டும். முற்றிலும் தீர்ந்து, அதன் பிறகும் வாரக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பயன் இருக்காது. மூன்று நிறம் உள்ளதில் எந்தத் துளை எந்த நிறம் என்று தெரியாமல் ஊசியைச் செலுத்தினால் நிறங்கள் கலந்து கார்ட்ரிட்ஜ் பாழாகும்.

நிரப்பிய பிறகும் மை இல்லை என்றே கணினி காட்டும். அந்தக் கணக்கு தெளித்த மைத்துளிகளை எண்ணிப் போடப்படுவதே அன்றி, உள்ளே பார்த்துச் சொல்வதன்று. கேனன் கார்ட்ரிட்ஜ் மாடல்களில் இ13, இ16 என்ற பிழைக் குறி வந்தால் நிறுத்து பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அச்சு தொடரும். எச்பியில் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு மேலே செல்லலாம்.

"டேங்க் பிரிண்டருக்கு நூறு ரூவா மை கெடைக்குதே, போட்டா ஹெட் போயிருமா?"

போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தச் சேமிப்புக்காக அந்த ஐயத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. இரண்டாம் கேள்வியில் போட்ட கணக்கின்படி அசல் மை பக்கத்துக்கு 10 காசு. மலிவு மை 3 காசு என்று கொண்டால், ஆயிரம் பக்கத்துக்கு மிச்சம் 70 ரூபாய். எப்சனில் ஹெட் என்பது கார்ட்ரிட்ஜோடு எறிவதன்று, பிரிண்டரின் நிரந்தரப் பாகம். அது அடைத்துக்கொண்டு மாற்ற நேர்ந்தால் பிரிண்டர் விலையில் கணிசமான பங்கு போய்விடும்.

எப்சன் ஹெட், மின்னழுத்தத்தால் வளையும் நுண்ணிய படிகத்தைக் கொண்டு மையைத் தள்ளுகிறது, வெப்பம் கிடையாது. கேனன், எச்பி டேங்க் பிரிண்டர்கள் முன் பதிலில் சொன்ன வெப்ப முறையில் இயங்குகின்றன. இரண்டுக்கும் மையின் பக்குவம் வேறு. எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும் என்று எழுதிய புட்டியைத் தொடாதிருப்பது நல்லது. மலிவு மையே போடுவதென்றால், இன்ன மாடல் என்று குறிப்பிட்ட ஒரே நிறுவனத்தின் மையைத் தொடர்ந்து போடுங்கள். மாற்றி மாற்றி ஊற்றியவர்களுக்குத்தான் அடைப்பு அதிகம் வருகிறது.

கடைகளில் கார்ட்ரிட்ஜுக்கு வெளியே புட்டிகளைக் கட்டி, குழாய் வழியே மை ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் புழக்கத்தைப் பார்த்துத்தான் எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் தொட்டியோடு கூடிய பிரிண்டரை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே இன்றைய டேங்க் பிரிண்டரே ஒருவகையில் ரீஃபில்காரர்கள் நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவந்ததன் விளைவுதான்.

"லேசருக்கு டோனர் ரொப்புறீங்களே, அது எத்தன தடவ தாங்கும்?"

மலிவு மாற்று உண்மையிலேயே பலன் தரும் இடம் இது; கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005, கேனன் எல்பிபி2900 ஆகிய பழைய இயந்திரங்கள் இன்றும் நம் கடைகளில் உழைப்பதற்குக் காரணம், அவற்றின் கார்ட்ரிட்ஜைத் தடையின்றி நிரப்ப முடிவதே. எச்பி 12ஏ என்பதும் கேனன் 303 என்பதும் ஏறக்குறைய ஒரே பொருள். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தும். அசல் டோனரில் பக்கத்துக்கு ரூபாய்க் கணக்கில் ஆகும் செலவு, முந்நூறு ரூபாய்க்கு நிரப்பும்போது 15 காசுக்கு இறங்குகிறது.

டோனர் கார்ட்ரிட்ஜ் வெறும் பொடி டப்பா அன்று. அதற்குள் உருவத்தை ஏந்தும் டிரம், டிரம்மைத் துடைக்கும் பிளேடு, பொடியை அளந்து விடும் பிளேடு, மின்னேற்றும் உருளை, துடைத்த கழிவுப் பொடி சேரும் அறை ஆகியவை உள்ளன. பொடி தீர்ந்ததும் புதுப் பொடியைக் கொட்டி மூடித் தருவது அரை வேலை. கழிவு அறையைக் காலி செய்யாவிட்டால் அது நிரம்பி, பொடி தாளில் சிந்தும். தாளின் நெடுக்கே மெல்லிய கறுப்புக் கோடு தொடர்ந்து விழுந்தால் துடைக்கும் பிளேடோ கீறிய டிரம்மோ காரணம். ஒரே புள்ளி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் டிரம்மில் காயம். நல்ல பொடி போட்டால் ஒரு டிரம் மூன்று, நான்கு முறை நிரப்புவதைத் தாங்கும் என்பது என் அனுபவம். அதன் பிறகு டிரம்மையும் பிளேடையும் மாற்றினால் அதே கூடு மேலும் உழைக்கும். பிரதர் இயந்திரங்களில் டிரம் தனி, டோனர் தனி: 2365 வரிசையில் டோனர் 2,600 பக்கம், டிரம் 12,000 பக்கம்.

நிரப்பக் கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: பொடி எந்த மாடலுக்கானது, கழிவு அறையைக் காலி செய்வார்களா, சோதனைப் பக்கம் எடுத்துக் காட்டுவார்களா. பொடி உருகும் வெப்பநிலை மாடலுக்கு மாடல் வேறுபடும். மாற்றிப் போட்டால் எழுத்து விரலால் தேய்த்தாலே உதிரும், அல்லது உருகி உருளையில் ஒட்டும். எச்பி 110ஏ போன்ற புது டோனர்களில் பக்கத்தை எண்ணும் சிப் இருக்கிறது. நிரப்பும்போது சிப்பையும் மாற்ற வேண்டும், அதற்கான விலையையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பொடி கையிலோ சட்டையிலோ சிந்தினால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

"வெளி மை போட்டா வாரன்டி போயிரும்னு கடைக்காரர் பயங்காட்டுறாரே?"

போட்டதாலேயே போய்விடாது. எச்பியின் உத்தரவாத விதிகளிலேயே, வேறு நிறுவனத்தின் அல்லது நிரப்பிய கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்தியது மட்டும் உத்தரவாதத்தைப் பாதிக்காது என்றும், பழுது அந்தக் கார்ட்ரிட்ஜால் நேர்ந்ததாக இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது மை கசிந்து மின்பலகை கெட்டால் உங்கள் செலவு. தாள் இழுக்கும் உருளை தேய்ந்தால் அவர்கள் பொறுப்பு. நடைமுறையில் வாதிட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும் என்பதால், உத்தரவாதம் முடியும் வரை டேங்க் பிரிண்டருக்கு அசல் மையே ஊற்றச் சொல்கிறேன். விலை வேறுபாடு அவ்வளவுதான் என்பதை மேலே பார்த்தோம்.

"தடைக்காலம் முடிஞ்சு சங்க ஆபீசத் தொறந்தா, பிரிண்டர் கோடு கோடா அடிக்குது. மை நெறைய இருக்கே?"

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அலுவலகத்தைப் பூட்டிவிட்டால் பிரிண்டரும் நிற்கிறது. அதுவோ கோடைக்காலம். முடியை விட மெல்லிய துளைகளில் தங்கிய மை இறுகிப்போகிறது. முதலில் நாசில் செக் (துளைகளைச் சோதிக்கும் பக்கம்) எடுத்துப் பார்த்து, ஹெட் கிளீனிங்கை (ஹெட்டைக் கழுவும் கட்டளையை) இரண்டு முறை கொடுத்து, அப்படியும் சரியாகாவிட்டால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் மறுபடி செய்ய வேண்டும். பத்து முறை தொடர்ந்து கழுவினால் மையும் போகும், இனி வரும் கேள்வியில் சொல்லப்படும் கழிவுப் பஞ்சும் நிரம்பும். ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே உள்ள வகையானால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் அதன் அடிப்பக்கத்தைச் சில நொடி ஒற்றி எடுத்தால் பல நேரம் திறந்துகொள்ளும்.

வாரத்துக்கு ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை எடுப்பதே சிறந்த காப்பு. அதைவிட முக்கியம், பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைப்பது. அப்படி அணைத்தால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடியின் மேல் அமரும். சுவர் சுவிட்சை நிறுத்தினால் நடுவழியில் திறந்தபடி நின்று காயும். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் காலையிலேயே அணைத்துவிடுங்கள்.

கடற்கரைக்கே உரிய இன்னொரு தொல்லை தாள். பிரித்த தாள் கட்டு உப்புக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இங்க்ஜெட்டில் எழுத்தின் ஓரம் பிசிறும், லேசரில் தாள் சுருண்டு சிக்கும், அச்சும் மங்கும். மையைக் குறை சொல்லி வரும் பல பிரிண்டர்களுக்குப் புதுத் தாள் வைத்ததுமே தெளிவு வந்துவிடுகிறது. பிரித்த கட்டை நெகிழி உறையில் மூடி வையுங்கள்.

"படகுல வச்சுருக்குற நகல் தண்ணி பட்டதும் கரஞ்சு போகுது. கரையாத மை இருக்கா?"

இருக்கிறது. இங்க்ஜெட் மையில் சாயம் நீரில் கரைந்திருக்கும் வகை ஒன்று, நுண்ணிய நிறத்துகள் மிதக்கும் பிக்மென்ட் வகை மற்றொன்று. முன்னது ஈரம் பட்டால் பரவும். பின்னது தாளில் படிந்து காய்ந்தபின் பெரும்பாலும் நிற்கும். எப்சன் 003 கறுப்பு சாய வகை. கேனன் 790 கறுப்பும் எச்பி ஜிடி53 கறுப்பும் பிக்மென்ட். ஆனால் இவற்றிலும் கலர் மைகள் சாயமே என்பதால் முத்திரையும் படமும் கரையக்கூடும். லேசர் அச்சு என்பது தாளில் உருகி ஒட்டிய நெகிழிப் பொடி. நீர் அதைக் கரைக்காது. படகுப் பதிவுச் சான்றின் நகல் போன்றவற்றை லேசரில் எடுத்து, ஓரம் விட்டு லேமினேட் செய்வதே பொருத்தம். ஓரத்தை ஒட்ட வெட்டினால் அந்த வழியே நீர் புகுந்துவிடும்.

"எப்சன்ல செவப்பு லைட்டு ரெண்டும் சேந்து மினுக்குது. ஐந்நூறு குடுத்தா ரீசெட் பண்ணித் தர்றேங்குறாங்க. செய்யலாமா?"

கழுவும்போது வெளியேறும் மை பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சில் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று இயந்திரம் எண்ணிக்கொண்டே வந்து, வரம்பை எட்டியதும் அச்சிட மறுத்துவிடுகிறது. கணினித் திரையில் இங்க் பேட் ஆயுள் முடிந்தது என்ற செய்தி வந்தால் இதுதான் காரணம். வேறு கோளாறுகளுக்கும் விளக்குகள் மினுக்கும் என்பதால் செய்தியைப் படித்து உறுதிசெய்ய வேண்டும்.

ரீசெட் என்பது அந்த எண்ணிக்கையைச் சுழியாக்குவது மட்டுமே. பஞ்சு அப்படியே ஊறியபடி இருக்கும். ஒருமுறை அப்படி ஓட்டலாம், அதற்கு மேல் மை அடியில் கசிந்து மேசையிலும் மின்பலகையிலும் இறங்கும். பஞ்சை மாற்றியோ கழுவி உலர்த்தியோ வைத்து, அதன் பிறகு ரீசெட் செய்பவருக்கே காசு கொடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரீசெட் மென்பொருள்களோடு வைரசும் சேர்ந்து வருவதால், வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் இருக்கும் கணினியில் அவற்றை ஏற்றக் கூடாது. கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றும் வசதி சில புது மாடல்களில் இருக்கிறது; வாங்கும்போது விசாரிக்க வேண்டிய ஒன்று.

"நேத்து வரைக்கும் ஓடுன கம்பேட்டிபிள், அப்டேட் போட்டதும் ஏத்துக்க மாட்டேங்குது. கார்ட்ரிட்ஜ் போயிருச்சா?"

கார்ட்ரிட்ஜ் கெடவில்லை, பிரிண்டரின் உள்மென்பொருள் மாறியிருக்கிறது. எச்பி இதனை டைனமிக் செக்யூரிட்டி என்று அழைக்கிறது. 2016 செப்டம்பரில் பல ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் ஒரே நாளில் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை மறுக்கத் தொடங்கியபோது இது உலகெங்கும் பேசப்பட்டது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் எச்பிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது.

இங்கே பயன்படும் நுணுக்கம் ஒன்று உண்டு. இந்தத் தடை சிப்பைப் பார்த்து விதிக்கப்படுகிறது. ஆகவே அசல் சிப்போடு கூடிய காலிக் கார்ட்ரிட்ஜை நிரப்பிப் போட்டால் ஏற்றுக்கொள்ளும். வேறு நிறுவனச் சிப் உள்ள புதுக் கம்பேட்டிபிள்தான் மாட்டிக்கொள்ளும். இத்தகைய பிரிண்டர் வைத்திருப்போர் அசல் கார்ட்ரிட்ஜை எறியாமல் வைத்திருப்பதும், தானாக அப்டேட் ஆகும் தேர்வை நிறுத்தி வைப்பதும் நல்லது.

"காக்கா (அண்ணே), மச்சான் துபாயிலருந்து பிரிண்டர் கொண்டாந்தாரு. கீழக்கரையில வாங்குன கார்ட்ரிட்ஜ் அதுல சேரவே மாட்டேங்குது!"

அச்சு அசலாக ஒரே வடிவத்தில் இருந்தாலும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வெவ்வேறு எண்ணில் கார்ட்ரிட்ஜ் விற்கிறார்கள். எச்பி டெஸ்க்ஜெட் 2130 வரிசைக்கு இந்தியாவில் 803, வளைகுடா நாடுகளில் 123. பிரிண்டர் தன் வட்டாரத்தை நினைவில் வைத்திருப்பதால் மற்றதை மறுக்கும். குடிபெயர்ந்தவர்களுக்காக அந்த அமைப்பை மாற்றித் தரும் உதவியை எச்பி சேவைப் பிரிவில் கேட்டுப் பெறலாம். இல்லையெனில் வருபவரிடம் அங்கிருந்தே மை சொல்லியனுப்ப வேண்டியதுதான். மாடல் எண்ணின் முடிவில் சிறிய ஆங்கில 'இ' எழுத்து இருந்தால், அது எச்பி பிளஸ் வகையாக இருக்கக்கூடும். அந்தத் திட்டத்தில் சேர்த்துவிட்ட பிரிண்டருக்கு எப்போதும் இணைய இணைப்பும் அசல் மையும் கட்டாயம், நிரப்பியது செல்லாது. அடுத்த முறை கொண்டுவருவதானால் டேங்க் பிரிண்டராக, அதன் மைப் புட்டி இங்கே விற்கிறதா என்று பார்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

"காலி டோனர் பெட்டியோட இருந்தா எரநூறு தர்றேன்னு ஒருத்தர் கேக்குறார். குடுக்கலாமா?"

கார்ட்ரிட்ஜை மட்டும் கேட்டால் புதுப்பிக்க வாங்குகிறார் என்று கொள்ளலாம். கிழியாத பெட்டியும் உள்ளுறையும் சேர்த்தே வேண்டும் என்று கூடுதல் விலை தருபவரின் நோக்கம் வேறு. மேலே சொன்ன டூப்ளிகேட் அந்தப் பெட்டியில்தான் உருவாகிறது. பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொடுப்பதே முறை. நிரப்பவே முடியாத நிலையில் உள்ளவற்றைக் குப்பையோடு எரிக்கவோ கரையில் வீசவோ கூடாது. பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளுக்குள் வருபவை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி நிறுவனத்தின் திரும்பப்பெறும் ஏற்பாட்டில் ஒப்படைக்க வேண்டும்.

"அசல்னு சொல்லி முழு விலையும் வாங்கிட்டாங்க. பிரிச்சா நிரப்புனது மாதிரி இருக்கு. எங்க போய்க் கேக்குறது?"

முதலில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பெட்டி, உறை, கார்ட்ரிட்ஜின் உருளைப் பற்கள், டிரம் ஆகியவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும். புது டோனரில் பற்களில் தேய்மானம் இராது, கழிவு அறையில் பொடி இராது, இழுத்து நீக்கும் அடைப்புப் பட்டை பொருந்தியபடி இருக்கும். பெட்டியிலுள்ள பாதுகாப்பு முத்திரையை நிறுவனத்தின் சரிபார்ப்பு வசதியில் சோதிக்கலாம்.

பில் இருந்தால் வழி எளிது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அதில் தீராவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பில் வேண்டாம் என்று சொல்லி வரியை மிச்சம் பிடித்தவர்களுக்கு, பணம் செலுத்திய ஜிபே பதிவும் கடைக்காரருடன் நடந்த வாட்சப் உரையாடலும் ஓரளவு உதவும். அவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் கடைக்காரரிடமே எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் பின்னால் ஆணையத்திலும் தேவைப்படும்.